சாமி மேடைக்கு மேலே

ஷா ஆலம்
10.3.1997

அன்புள்ள கோமளா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ இதைப் படிக்காமலேயே அடுப்பில் போட்டாலும் போடுவாய். படித்துவிட்டுப் போடு.

சொல்லாமல் கிளம்பியது தப்புதான். சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய். நீ அழுதால் நான் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன், அது உனக்கும் தெரியும். இன்ஜின் ரூமை மூடிய பிறகு தோட்டத்தில் எனக்கு என்ன மரியாதை இருந்தது, சொல். இத்தனை வருடம் அந்த இன்ஜினை ஓட்டி லயத்து வீடுகள் முழுக்க விளக்கெரிய வைத்தவன் நான். தெனாகா கரண்டுக் கம்பி வந்ததும் வேலை வாங்குகிற மண்டோர் என் முதுகில் மருந்து டின்னை மாட்டி லாலான் புல்லுக்கு அடிக்கச் சொன்னார். அந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

இங்கே வெயிலில் தண்ணீர் சுட வைக்கிற கருவியையும், வெயிலில் கரண்டு எடுத்து வீட்டுக்கு விளக்கெரிக்கிற கருவியையும் கூரையில் மாட்டக் கற்றுக் கொடுக்கிறார்கள். சோலார் என்று பெயர். நவம்பரில் பரீட்சை. தேறினால் சர்டிபிகேட்டும் கொடுத்து, கற்றுக் கொடுக்கிற கம்பெனியே வேலையும் போட்டுக் கொடுக்கும் என்கிறார்கள். தங்க ஹாஸ்டல் இருக்கிறது. ஒரே அறையில் ஆறு பேர். மற்ற ஐந்து பேரும் மீசை முளைக்காத பயல்கள். என்னை 'அங்கிள்' என்கிறார்கள். முப்பத்திரண்டு வயதில் அங்கிளாகிவிட்டேன்.

உஷாராணியிடம் அப்பா படிக்கப் போயிருக்கிறேன் என்று சொல். அவளுக்காவது சிரிப்பு வரட்டும்.

வசந்தன்


புக்கிட் தெராத்தாய் தோட்டம், செலண்டார்
22.3.1997

உங்களுக்கு,

அடுப்பில் போடவில்லை. உங்கள் மகள் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்துவிட்டாள். அவள் கையிலிருந்து பிடுங்கவா முடியும்?

என்னிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை, பக்கத்து வீட்டு சுப்பம்மா அக்காவிடம் மட்டும் பஸ் ஸ்டாப்பில் வாய் வந்ததோ? "பேனல் வேலை கத்துக்கப் போறேன், கோமளாகிட்ட சொல்லிடுங்கக்கா" என்றீர்களாம். அந்த அக்கா அதைக் கொண்டுவந்து பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற நேரத்தில், அத்தனை சனத்துக்கும் நடுவில் போட்டது. "ஏம்மா, பேனல் வெட்டவா உம் புருசன் ஷா ஆலம் போயிருக்கான்? அங்க ஏதும்மா ரப்பர் மரம்?" நமக்குப் பேனல் என்றால் மரத்தில் பட்டை சீவுகிற இடம். பால் வெட்டுகிற பொம்பளைக்கு வேறென்ன தோன்றும்? நானும் அதைத்தான் நினைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நல்ல சேதியைக் கேளுங்கள். தோட்டத்தை விற்றாகிவிட்டது. மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டு கோல்ஃப் மைதானம் போடப் போகிறார்களாம். வருடக் கடைசிக்குள் லயத்தைக் காலி பண்ண வேண்டும். போக்கிடம் இல்லாதவர்கள் லூபோக் சீனா பக்கம் இருக்கிற, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்குப் போகலாம், அங்கே உதிரிப் பழம் பொறுக்கும் வேலை, வீடும் உண்டு என்று ஆபீஸ் கணக்கெழுதுகிற தம்புசாமி கிராணி வாசித்தார். தீபாவளிக்குள் ஆபீசில் பெயர் கொடுக்க வேண்டும். "உங்க வீட்டுல யாரு பேர எழுதறது?" என்று என்னைக் கேட்டார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மாதா மாதம் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிற வேலையெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ஊருக்குப் பதில் சொல்லி எனக்கு மாளாது. வேலை கிடைத்த பிறகு இந்த வாசலை மிதியுங்கள்.

கோமளா


ஷா ஆலம்
18.5.1997

அன்புள்ள கோமளா,

வாசலை மிதிக்காதே என்றாய். சரி, மிதிக்கவில்லை. மூன்று விடுமுறைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். நான் மட்டும் ஹாஸ்டலில் ஆஸ்பத்திரி நோயாளி மாதிரி படுத்துக் கிடந்தேன்.

பாடம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பாதி மலாய், பாதி இங்கிலீஷ். பேட்டரி, வயர் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கணக்கு உதைக்கிறது. எங்கள் சார் பெயர் என்சிக் ரோஸ்லி. தங்கமான மனிதர், ஆனால் வாய் நீளம். அன்று பேனலை எந்தத் திசை பார்த்து வைப்பது என்று கேட்டார். நான் முதல் ஆளாகக் கையைத் தூக்கி கிழக்கு என்றேன். பொங்கல் பானையைக் கிழக்கு பார்த்துத்தானே வைக்கிறோம், சூரியன் அங்கேதானே வருகிறது? கிளாஸ் முழுக்கச் சிரிப்பு. கிழக்கே வைத்தால் மத்தியானத்துக்கு மேல் வெயில் கிடைக்காது, நம் நாட்டில் சூரியன் தலைக்கு மேலேயே போகிறது, மர நிழல் விழாத பக்கமாகப் பார்த்து வைத்தால் போதும் என்றார். அன்றிலிருந்து பயல்கள் என்னை 'பொங்கல் அங்கிள்' என்கிறார்கள்.

சோர்வாக இருக்கிறது கோமளா. இந்த வயதில் பென்சில் பிடிப்பது மருந்து டின் தூக்குவதை விடக் கஷ்டம். ஆனால் நேற்று நான் வயர் கொடுத்த விளக்கு எரிந்தது. இன்ஜின் சத்தமே இல்லை, எண்ணெய் இல்லை, சும்மா எரிந்தது. சத்தமே இல்லாமல் எரிகிறதே என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். லூபோக் சீனாவுக்குப் பெயர் கொடுத்துவிடாதே. அங்கே போனால் நம் மகளும் பழம் பொறுக்குவாள். பரீட்சை முடியட்டும். வேலையோடு வந்து உங்கள் இருவரையும் டவுனுக்குக் கூட்டிப்போகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்.

வசந்தன்


புக்கிட் தெராத்தாய் தோட்டம்
6.7.1997

உங்களுக்கு,

பொறுத்துக்கொள் என்று எழுதுவது லேசு. எழுதுகிற கை வலிக்காது.

எப்படியும் சாய்க்கப் போகிற மரம்தானே என்று இப்போது பாலை ஒட்டக் கறக்கச் சொல்கிறார்கள். கீழ் பேனல் எல்லாம் முடிந்து போச்சு. ஏணி வைத்து மேல் பேனல் வெட்டுகிறோம். ஏணியைத் தூக்கு, சாத்து, ஏறு, வெட்டு, இறங்கு, அடுத்த மரம். அண்ணாந்து அண்ணாந்து கழுத்து பிடித்துக்கொண்டது. சுப்பம்மா அக்கா இரண்டாம் நாளே முட்டி வலி என்று உட்கார்ந்துவிட்டது. அதன் வரிசையையும் என் தலையில் கட்டினார் மண்டோர். "நீதான் கொரங்கு மாதிரி ஏர்றியே" என்று பாராட்டு வேறு.

சுப்பம்மா அக்கா லூபோக் சீனாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டது. லயத்தில் பாதிப் பேர் கொடுத்தாச்சு. தம்புசாமி கிராணி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னாம்மா, உங்க வீட்டுக்கார் லெட்டர் போட்டாரா?" என்கிறார். போட்டார் போட்டார் என்று சொல்லி வாய் வலிக்கிறது. மே மாதத்துக்குப் பிறகு நீங்கள் எங்கே போட்டீர்கள்?

உஷாராணிக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. இப்போது தேவலை. காய்ச்சலில், "அப்பா வேலை வாங்கிட்டாரா?" என்று கேட்டாள். ஏழு வயசுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

நான் இன்னும் பெயர் கொடுக்கவில்லை. உங்களை நம்பி அல்ல. அந்த ஆபீஸ் படி ஏற எனக்கு அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கோமளா


ஷா ஆலம்
21.9.1997

அன்புள்ள கோமளா,

நலம். நலம் அறிய ஆவல்.

அங்கேயும் இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகைமூட்டம் இருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே எதிர் வீடு தெரியவில்லை. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். சூரியனை நம்பிப் படிக்க வந்தேன், சூரியனையே காணோம். உஷாராணிக்கு மூக்கைக் கட்டி அனுப்பு.

சைட் வேலை அதிகம். தீபாவளிக்கு வர முடியாது. நீதான் வேலை இல்லாமல் வராதே என்றாயே. கொஞ்ச நாளைக்குக் கடிதம் வராவிட்டால் கவலைப்படாதே.

வசந்தன்


புக்கிட் தெராத்தாய் தோட்டம்
12.10.1997

மாமா,

இன்று காலை பெரட்டில் தம்புசாமி கிராணி என் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, "ஒன் வீட்டுக்கார் கால் எப்படிம்மா இருக்கு?" என்றார். என்ன கால் என்றேன். "கூரையிலேருந்து விழுந்துட்டாருல்ல? கம்பெனியிலேருந்து ஆபீசுக்கு போன் பண்ணி வீட்டு விலாசம் கேட்டாங்களே, ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியும் என்று சொன்னேன். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே காட்டுக்குப் போனேன். முதல் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இன்று நான் ஒரு மரம் கூட வெட்டவில்லை. மண்டோர் வந்து பார்த்துவிட்டு, திட்டாமல் போனார். அவர் திட்டாமல் போனதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

நலம் அறிய ஆவலாம். நல்லா இருக்கு உங்கள் நலம்.

ஏணியில் ஏறிப் பழகாத ஆளா நீங்கள்? இன்ஜின் ரூம் கூரை ஒழுகினால் தகரத்தின் மேல் ஓடி ஓடி அடைப்பீர்களே! எப்படி விழுந்தீர்கள்? குடித்திருந்தீர்களா? உண்மையை எழுதுங்கள். பொய் எழுதினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிடுவேன். பஸ் எனக்கும் ஏறத் தெரியும்.

கோமளா


ஷா ஆலம்
20.10.1997

அன்புள்ள கோமளா,

குடிக்கவில்லை. உஷாராணி மேல் ஆணை.

கிள்ளானில் நம் ஆள் வீடு ஒன்று. மீனம்மா என்று ஒரு அம்மாள். மகன் சம்பாதித்து வீட்டைப் புதுப்பித்து, வெந்நீருக்குச் சோலார் போடச் சொல்லியிருந்தார். நானும் இரண்டு பயல்களும் போனோம். பூட்ஸ் போட்டு, இடுப்பில் கயிறு கட்டித்தான் ஏற வேண்டும் என்பது சட்டம். எல்லாம் சரியாகத்தான் ஏறினேன். ஓட்டின் மேல் நடந்து தொட்டி வைக்கிற இடத்துக்குப் போகும்போது காலடியிலிருந்து சாம்பிராணி வாசனை வந்தது. ஓட்டிடுக்கு வழியாகப் புகை வருகிறது. கீழே மணி அடிக்கிற சத்தமும் கேட்டது. அப்போதுதான் புரிந்தது, நான் அவர்கள் சாமி மேடைக்கு நேர் மேலே பூட்ஸ் காலோடு நிற்கிறேன்.

எனக்குக் கால் கூசிவிட்டது கோமளா. யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் பூட்ஸைக் கழற்றினேன். ஒரு காலை எடுத்து மறு கால் வைப்பதற்குள் சறுக்கிவிட்டது. புகைமூட்டத்துத் தூசி ஓடு முழுக்கப் படிந்து, பனியில் எண்ணெய் மாதிரி வழுக்கியது. பூட்ஸைக் கழற்றக் குனிய முடியவில்லை என்று கயிற்றை அவிழ்த்திருந்தேன். குதிகால் எலும்பு உடைந்துவிட்டது. அந்த அம்மாள் ஓடிவந்து, "ஐயோ, நான் ஒண்ணுமே சொல்லலியேப்பா! நீ பூட்ஸோடயே ஏறியிருக்கலாமேப்பா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

ஆஸ்பத்திரியில் என்சிக் ரோஸ்லி வந்து, "கெனாப்பா புக்கா காசுட்?" என்றார், பூட்ஸை ஏன் கழற்றினாய் என்று. கீழே என் சாமி இருந்தது சார் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "நானும் தொழப் போகும்போது சூராவுக்கு வெளியேதான் செருப்பை விடுகிறேன் வசந்தன். ஆனால் சூராவ் கூரை ஒழுகினால் பூட்ஸோடுதான் ஏறுவேன். கடவுளுக்கு வித்தியாசம் தெரியும்" என்றார்.

கம்பெனிக்கு அந்த வித்தியாசம் வேண்டாம். பூட்ஸில்லாமல் ஏறினவனுக்கு இனி சைட் கிடையாது, வேலையும் கிடையாது. பரீட்சை மட்டும் எழுதலாம், சர்டிபிகேட் கொடுப்பார்கள். ரிங்கிட் மதிப்பு விழுந்ததில் புது வீடு கட்டுவதையே நிறுத்திவிட்டார்கள், அது வேறு. டாக்டர் இனி உயரத்தில் ஏறாதே என்கிறார். ஏற முடியாதவனுக்குக் கூரை வேலை சர்டிபிகேட் எதற்கு?

லூபோக் சீனாவுக்குப் பெயர் கொடுத்துவிடு. தீபாவளிக்கு முன்பே கொடுத்துவிடு. கால் ஆறினதும் வந்து உன்னோடு பழம் பொறுக்குகிறேன். எனக்கு இதற்கு மேல் தெம்பில்லை.

வசந்தன்


புக்கிட் தெராத்தாய் தோட்டம்
5.11.1997

மாமா,

பெயர் கொடுக்கவில்லை. தீபாவளி போய்விட்டது. இனி கொடுத்தாலும் எடுக்க மாட்டார்கள். திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். இப்படி விழ உங்களால்தான் முடியும். பிறகு சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று, "ஒனக்கு மரியாத குடுத்த ஆளத்தான் நீ தள்ளிவிடுவியா?" என்று கேட்டேன். விளக்கு வைக்காமல் இரண்டு நாள் பட்டினி போட்டேன். மூன்றாம் நாள் மனசு கேட்கவில்லை, ஏற்றிவிட்டேன்.

பிறகு செலண்டாருக்குப் போனேன். மார்க்கெட்டுக்கு எதிரில் குழாய், பெயிண்ட் எல்லாம் விற்கிற சீன முதலாளி தவுக்கே கடையில் இந்தச் சோலார் தொட்டியைத் தொங்கவிட்டிருக்கிறார், பார்த்திருக்கிறேன். எங்க வீட்டுக்காரர் இதைத்தான் படிக்கிறார் என்றேன். அவர் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். "புது வூடு இல்லா! ஆனா பழய வூட்டுல பூட்டினது எல்லாம் ஒழுவுதுலா. ரிப்பேர்க்கு ஆளு கோலாலம்பூர்லேருந்து வரணும், கூப்ட்டா வர்றதில்ல" என்றார். சர்டிபிகேட் இருக்கா என்றார். மாதக் கடைசியில் வரும் என்றேன். எத்தனை பேர் என்றார். வேலை தெரிந்தவர் ஒருத்தர், ஏறுகிறவர் ஒருத்தர் என்றேன்.

ஏறுகிறவர் யார் என்று யோசிக்காதீர்கள். நான்தான். ஓட்டு வீட்டுக் கூரை என்ன பெரிய உயரம்? மேல் பேனலுக்கு வைக்கிற ஏணியை அதில் சாத்தினால் மிச்சம் நிற்கும். நீங்கள் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லுங்கள், நான் திருகுகிறேன்.

பரீட்சைக்குப் படியுங்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கோமளா


ஷா ஆலம்
14.11.1997

கோமளா,

உனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறதா? பொண்டாட்டியைக் கூரைக்கு ஏற்றிவிட்டு நான் நாற்காலி போட்டு உட்காருவதா? செலண்டார் முழுக்க அண்ணாந்து பார்க்கும். நம் தோட்டத்துச் சனம் லூபோக் சீனாவிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்க்கும். நான் விழுந்த மாதிரி நீயும் விழுந்தால்? அதை யோசித்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெயர் கொடு என்று நான் சொன்னபோது கொடுக்கவில்லை. என்னைக் கேட்காமல் கடைக்குப் போனாய், என்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தாய். இதெல்லாம் எதற்கு என்று எனக்குப் புரிகிறது. அன்று நீ தூங்கும்போது நான் சொல்லாமல் கிளம்பினேன். அதற்குத்தானே இப்படிப் பழி வாங்குகிறாய்?

பரீட்சை இருபதாம் தேதி. அதற்குப் பிறகு எங்கே போவது என்று எனக்கே தெரியவில்லை. வேலை இல்லாமல் உன் வாசலுக்கும் வர முடியாது.

வசந்தன்


செலண்டார்
23.11.1997

மாமா,

மேலே பாருங்கள், செலண்டார் என்று எழுதியிருக்கிறேன். மரம் சாய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் இருக்க முடியவில்லை. தவுக்கே கடைக்குப் பின்னால் ஒரு அறையும் அடுப்படியும் வாடகைக்கு எடுத்து, சாமானை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தாச்சு. உஷாராணி நேற்று முழுக்க ஜன்னலிலேயே நின்று பஸ் பார்த்தாள்.

நான் விழமாட்டேன். பூட்ஸைக் கழற்ற மாட்டேன், கயிற்றை அவிழ்க்க மாட்டேன். கீழே எந்தச் சாமி இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டு மிதிப்பேன். ஊர் அண்ணாந்து பார்த்தால் பார்க்கட்டும். கழுத்து வலித்தால் தானே குனிந்துகொள்ளும். எனக்குத் தெரியாதா அந்த வலி!

பழி வாங்குகிறேன் என்கிறீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம். பழி வாங்க வேண்டுமானால் அன்று விடியற்காலையிலேயே எழுந்து உட்கார்ந்திருப்பேன். நான் தூங்கவில்லை மாமா. நீங்கள் சட்டை தேடினது, பையை மூடினது, எல்லாம் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன். வாசல் பக்கம் பாய் போட்டிருந்தேன். வேறு வழியில்லாமல் என்னைத் தாண்டிக்கொண்டுதான் போனீர்கள். கண்ணைத் திறந்தால் நீங்கள் போக மாட்டீர்கள் என்று தெரியும். அந்த மருந்து டின்னோடு உங்களைப் பார்க்க எனக்கு மட்டும் பிடித்ததா? இறுக்கி மூடிக்கொண்டேன். மனசு ஆறவில்லை. அதைத்தான் இத்தனை மாதமாகக் கண்டபடி எழுதித் தீர்த்தேன்.

படுத்திருக்கிற பிள்ளையைத் தெரியாமல் தாண்டிவிட்டால், வளராது என்று சொல்லி, தாண்டினவரையே திரும்ப இந்தப் பக்கம் தாண்டச் சொல்லுவோமே, ஞாபகம் இருக்கிறதா? சாமி தலைக்கு மேலே கால் படக்கூடாது என்று பார்த்த ஆளுக்கு இது தெரியாமல் இருக்காது.

இங்கேயும் வாசல் பக்கம்தான் பாய் போடுகிறேன். வந்து திரும்பத் தாண்டுங்கள்.

கோமளா